ஆலத்தி எடுத்த கார்ப்பெட்

பினாங்கு முழுக்கத் தேடினாலும் என்னைப் போல் கறை எடுக்கிற ஆள் கிடைக்கமாட்டான். என் கை பட்டு மறையாத கறையே கிடையாது.

(பொய். சுத்தப் பொய். என் கை பட்டு மறைந்த கறை என்று இதுவரை ஒன்றுகூட இல்லை. சின்னதாக இருந்து, நான் கை வைத்த பிறகு பெரிதானவைதான் எல்லாம்.)

அதில் ஆகப் பெரியது அக்கா வீட்டில் நடந்தது. அக்காவுக்குச் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. அவள் மகள் பிரேமாவைப் பெண் பார்க்க சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு குடும்பம் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த குடும்பம், ஹாலில் கிடந்த கிழிந்த பாயைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரவில்லை என்பது அக்காவின் முடிவு. அதனால் இந்த முறை ஹாலில் கிரீம் கலரில், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஒரு புதுக் கார்ப்பெட்.

"செருப்ப வெளிய கழட்டுடா சேகரு," என்றாள் நான் போனதும். "முடிஞ்சா காலையும் அங்கேயே கழட்டி வச்சிட்டு வா."

என்னைக் கூப்பிட்டது ஒரே வேலைக்குத்தான். நல்ல காரியத்துக்கு முன் வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். "மூலைக்கு ரெண்டு சொட்டு போதும்லா," என்று செம்பையும் மாவிலையையும் கொடுத்துவிட்டு, பிரேமாவுக்குப் புடவை கட்டப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சான் வருகிறவர்களுக்கு வழி காட்டக் கிளம்பிப் போயிருந்தார்.

நானாவது, ரெண்டு சொட்டாவது! கோயில் குருக்கள் மாதிரி கையைச் சுழற்றிச் சுழற்றித் தெளித்தேன். மூன்றாவது சுழற்றலில் செம்பு கையை விட்டுப் பறந்தது. கார்ப்பெட்டின் நட்ட நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள்.

மணி மூன்று. கலங்கினேனா? இல்லை. (கலங்கினேன்.) ஆனால் அக்கா திரும்பி வருவதற்குள் அந்தக் கறையை ஒழிப்பது, இல்லாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் துணி துவைக்கிற சோப்புத் தூள். ஒரு கை அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் செங்கல் நிறமானது. கறை வெளியே கிளம்புகிறது, அதுதான் முகம் மாறுகிறது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அடுத்து சமையலறையிலிருந்த சோடா உப்பு. செங்கல் செம்பருத்தி ஆனது.

லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. ஒன்பது மாடி இறங்கி, கீழே சீன ஆன்ட்டியின் ஹார்ட்வேர் கடைக்கு ஓடினேன்.

"என்ன கறை?" என்று மலாயில் கேட்டார் ஆன்ட்டி. "கோப்பிக்கு வேற, எண்ணெய்க்கு வேற, மைக்கு வேற. மாத்தி அடிக்கக் கூடாது."

"எல்லாத்தையும் எடுக்கிறது குடுங்க ஆன்ட்டி. ஆக ஸ்ட்ராங்கு."

"என்ன கறைன்னு கேட்டேன்."

சொல்ல வெட்கம். "பெரிய கறை," என்றேன்.

ஆன்ட்டி பெருமூச்சு விட்டு ஒரு போத்தலை எடுத்து வைத்தார். "மொதல்ல ஒரு மூலையில கொஞ்சம் அடிச்சிப் பாரு. அதுல எழுதியிருக்கு."

எழுதியிருந்தது ஆங்கிலத்தில். நானோ தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டோடு நின்றவன், அதிலும் பாதி நாள் திடலில். படத்தை மட்டும் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரி வெள்ளைக் கார்ப்பெட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அது போதும் எனக்கு.

மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, நடுவிலேயே பாதிப் போத்தலை அடித்தேன். கறை செக்கச்செவேல் என்று மலர்ந்தது. தேய்க்கத் தேய்க்கத் தட்டு தாம்பாளம் ஆனது. விடுவேனா? சட்டையைக் கழற்றி அதாலும் தேய்த்தேன். (தாய்மாமனாகச் சபையில் உட்காரப் போட்டு வந்த புதுச் சட்டை.)

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஆலத்தி கரைக்கிறவன் நான்தான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும். எத்தனை தாம்பாளம் கலக்கியிருப்பேன்! சோப்புத் தூளும் சோடா உப்பும் அந்தப் போத்தலும் பார்ப்பது சுண்ணாம்பின் வேலையைத்தான் என்று தெரியாமல், ஒரு மணி நேரமாக முட்டி போட்டுக் கார்ப்பெட்டில் ஆலத்தி கரைத்திருக்கிறேன்.

கதவு திறந்தது. அக்கா, பிரேமா, மச்சான். அவர்களுக்குப் பின்னால் பையன் வீட்டார்.

பையனின் அம்மா பார்த்தது, பனியனோடு முழங்கைவரை சிவந்த ஒருவனையும் அவன் எதிரே ஒரு சிவப்புக் குளத்தையும்.

"ஐயையோ, யாருக்கு என்னாச்சு?"

"மஞ்சத் தண்ணிங்க. நான்தான் சோப்புப் போட்டுட்டேன்," என்றேன். "எங்கக்கா மேல தப்பில்ல. பொண்ணப் பாக்காம போயிடாதீங்க."

யாரும் உட்காரவில்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. போன தடவை பாய் கெடுத்தது, இந்தத் தடவை தம்பி.

பையன் தினேஷ் நெட்டையான ஆள். வருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கலக்க அக்கா மேசையில் அறுத்து வைத்திருந்த எலுமிச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் முட்டி போட்டான்.

"நவுருங்க மாமா. இதுக்கு லீமாவ் புளிப்புதான் வேணும்."

பிழிந்தான். சாறு பட்ட இடத்திலெல்லாம் சிவப்பு பதறிப்போய் மஞ்சளுக்குத் திரும்பியது.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எங்க வீட்டு சோபாவுல நானும் இதேதான் செஞ்சேன் மாமா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிருச்சு," என்றார் அவன் அம்மா.

பிரேமா சிரித்துவிட்டாள். போன தடவை குனிந்த தலை நிமிராதவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துண்டோடு அவன் எதிரே உட்கார்ந்தாள். "தேய்க்காதீங்க, ஒத்தி எடுக்கணும். நீங்க பிழிங்க, நான் ஒத்துறேன்."

நான் மரியாதையாக இடத்தைக் காலி செய்தேன்.

பையனின் அம்மா அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மச்சானிடம், "ஆலத்தியே கரைச்சி வச்சிட்டாங்க. இனிமே பேசி முடிக்க வேண்டியதுதான்லா," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிவப்பு போனாலும் மஞ்சள் முழுதாகப் போகவில்லை. பல நாள் வெயிலில் காய்ந்து, இன்று உள்ளங்கை அளவு மங்கலாக நிற்கிறது. அக்கா அதன்மேல் நாற்காலியைப் போட்டு மறைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு நாற்காலியைத் தூக்கிக் காட்டுவதும் அவள்தான். என் பெயரும் மாறிப் போனது. கல்யாணத்தன்று ஆலத்தித் தட்டை என் கையில் கொடுப்பதற்கு முன், கீழே நாலு பழைய பேப்பரை விரித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அந்த மீதிப் போத்தல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீணாக்க மனசு வருமா? போன வாரம் அதை வைத்து என் காரின் சீட்டில் இருந்த ஒரு சின்னக் கறையை...

"ஆலத்தி மாமா!" அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹாலிலிருந்து பிரேமா கத்துகிறாள். "பாப்பா பருப்பக் கொட்டிட்டா! லீமாவ எடுத்துக்கிட்டு ஓடி வாங்க. அந்தப் போத்தல மட்டும் தொட்டீங்கன்னா..."

வரேன்லா, வரேன்.