வெட்டிய நோட்டும் வெளிச்சம் நைனாவும்

கடவுளே இறங்கி வந்து கையில் வரம் கொடுத்தாலும், அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "மூலை மடங்கிக்கீதே சாமி" என்று சொல்லக்கூடிய ஒரே ஆசாமி வெளிச்சம் நைனாதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது அவர் மனைவி ரோஸி அக்காவுக்கே மறந்துபோயிருக்கும்.

நான் ராயபுரத்தில் குடியிருந்தபோது எதிர் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாத்தா பெட்டியில் கிடைத்தது, ஆயா சுருக்குப்பையில் கிடைத்தது என்று ஜனங்கள் கொண்டுவரும் பழைய ரூபாய் நோட்டுகளைப் பார்த்து, உடம்பு எப்படி, என்ன விலை போகும் என்று சொல்வார். பைசா வாங்க மாட்டார். காலை வெயில் சுள்ளென்று ஏறியபின் டீக்கடை வாசலில்தான் வைத்தியம். மேகம் மூடினால் லீவு.

"டியூப்லைட்ல எல்லா நோட்டும் புதுமாப்ள கணக்காத்தான் தெரியும் மாமு. வெயில்ல வெச்சாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பார்.

எடுத்தவுடன் விலை கேட்டால் போச்சு. "மீனு வாங்கறப்போ மொதல்ல செவுளப் பாப்பியா, வெலயக் கேப்பியா? உடம்பப் பாரு, அப்பால வெலயப் பேசு!" கையால் தொடவும் விடமாட்டார். ரோஸி அக்கா புருவம் திருத்த வைத்திருந்த சாமணத்தை எப்போதோ சுட்டுக்கொண்டு வந்துவிட்டார். நோட்டுக்கு அதுதான். அக்காவின் புருவம் அதன்பின் கவனிப்பாரற்று வளர்ந்தது.

எம்.கே.பி. நகரிலிருந்து ஒருவர், ராஜா தலை போட்ட ஒற்றை ரூபாய் நோட்டை சோப்புப் போட்டு அலசி, இஸ்திரி போட்டு, ஜம்மென்று கொண்டுவந்தார். நைனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். "அடப்பாவி! இத்தினி வருசமா சாவாம கீற மன்சன வெந்நீர்ல முக்கிக் கொன்னுட்டியே!"

ஆனால் அவருடைய ஜென்ம விரோதி செல்லோடேப். டேப் ஒட்டிய நோட்டைக் கொண்டுவந்தவனுக்கு அங்கே டீகூடக் கிடைக்காது. "பசை மஞ்சளாப் பூத்து பேப்பரயே துன்னுடும். கலீஜ் ஐட்டம்!" அவர் வீட்டுக்குள் டேப் நுழைந்ததே இல்லை. கிறிஸ்துமஸ் ஸ்டாரையே ரோஸி அக்கா சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டுவார்.

மனிதர்களுக்கும் அதே அளவுகோல்தான். என் மச்சானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குண்டூசி ஓட்டை கீது, ஆனா நம்பரு க்ளீனு" என்றார். அர்த்தம் தெரியாமல் மச்சான் இன்றுவரை பெருமையாகத் திரிகிறார்.

ஒருநாள் மீன் மார்க்கெட் பிலோமினா அக்கா முந்தானையில் முடிந்து எதையோ கொண்டுவந்தார். அவிழ்த்தால், ராஜா காலத்துப் பத்து ரூபாய் நோட்டு. நோட்டு என்றா சொன்னேன்? பாதி நோட்டு. நடுவில் கத்தரிக்கோலால் வெட்டியது.

"எங்கப்பா பெட்டியில கீந்துச்சு நைனா. முழு நோட்டு லட்சக்கணக்குல போவுதுன்னு வாட்ஸ்அப்புல வருது. அப்போ பாதிக்குப் பாதி வெல வருமில்ல? மாசக் கடைசியில பொண்ணு கல்யாணம், செலவுக்கு ஆவும்."

நைனா அழாத குறை. நாளைக் காலை வா என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அக்கா வருவதற்கு முன்பே, அதே வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு காலடிப்பேட்டையிலிருந்து மைக்கேல் வந்தார். பிலோமினாவின் அண்ணன். அப்பா செத்து, பெட்டியைப் பங்கு போட்ட நாளிலிருந்து தங்கச்சியோடு பேச்சுவார்த்தை இல்லை. சட்டைப்பையிலிருந்து பாதி நோட்டை எடுத்து நீட்டி, "பாதிக்குப் பாதி வெல வருமில்ல நைனா?" என்றார். ஒரே அப்பா வளர்த்த பிள்ளைகள் அல்லவா! அச்சடித்த நம்பரும் அதே நம்பர்.

அந்த நேரம் பார்த்து அக்காவும் வந்து நின்றார்.

"யாரு வெட்னது?" நைனா போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் கை நின்றுவிட்டது. தங்கச்சி அண்ணனைக் காட்டினார். அண்ணன் தங்கச்சியைக் காட்டினார். ஒருத்தர் வைத்திருந்தால் மற்றவருக்குத் தெரியாமல் விற்றுவிடுவார் என்ற பயத்தில் இருவரும் சேர்ந்துதான் வெட்டியிருக்கிறார்கள்.

"முழுசா கீந்தா ஒரு நல்ல பீரோ வாங்கியிருக்கலாம். இப்போ பீரோ சாவிகூட குடுக்க மாட்டான்!"

மைக்கேல் தலையைச் சொறிந்தார். "எங்கப்பா சொல்வாரு நைனா. அந்தக் காலத்துல திருட்டுக்குப் பயந்து, பெரிய நோட்ட ரெண்டா வெட்டி ரெண்டு தபால்ல அனுப்புவாங்களாம். அப்டித்தான் நாங்களும்..."

"அந்தக் காலத்து ஆளு, போற எடத்துல ரெண்டும் ஒண்ணா சேரணும்னு வெட்னான். நீங்க இன்னாத்துக்கு வெட்னீங்க?"

பிலோமினா அக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர். "நோட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம் நைனா. தாய்மாமன் இல்லாம எம் பொண்ணு எப்டி கோயில்ல போயி நிப்பா?"

"நீ பத்திரிகை வெக்க வந்தியா?" என்றார் மைக்கேல்.

"வந்தேனே! நீ கதவத் தொறந்தியா?"

நைனா எழுந்து விறுவிறுவென்று எதிர் ஸ்டேஷனரி கடைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் செல்லோடேப்! தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரோஸி அக்கா ஜன்னலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து நைனா டேப் ஒட்டினார். பல் பிடுங்கக் கொடுத்தவர் முகம் மாதிரி இருந்தது முகம்.

"மஞ்சளாயிடுமே நைனா" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"ஆவட்டும். இத்த இனிமே யாரு விக்கப் போறாங்கோ? அழகா இருக்க வாணாம் மாமு, பிரியாம இருந்தா போதும்."

அடுத்த வம்பு உடனே கிளம்பியது: முழு நோட்டு யாரிடம் இருப்பது? "ரெண்டு பேர்கிட்டயும் வாணாம். பேஜாரு பண்ணாதீங்கோ. கல்யாணப் பொண்ணுக்கு. மைக்கேலு, உன் கையால குடு" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.

கல்யாணத்தன்று மைக்கேல் கொடுத்தார். தாய்மாமன் சீர்த்தட்டில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு அந்த நோட்டு. மண்டபத்தில் ஊர்ப்பட்ட லைட். நைனா விடுவாரா? மணப்பெண் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தார். அண்ணனும் தங்கச்சியும் பரீட்சை ரிசல்ட் கேட்கிறவர்கள் போல அவர் பின்னாலேயே ஓடினார்கள்.

"மடிப்பு கீது. வெட்டு கீது. டேப்பு வேற, கருமம். ஒரு டீக்குத் தேறாது" என்றார் நைனா. பிறகு இருவரையும் ஒருமுறை பார்த்தார். "ஆனா, முழுசா கீது."

நான் இப்போது வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டேன். இங்கே எல்லோரும் டியூப்லைட் வெளிச்சத்திலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், எல்லோரும் அழகாகத்தான் தெரிகிறோம். வெயிலுக்கு இழுத்துப் போய்ப் பார்க்க நைனா இல்லையே என்றுதான் இருக்கிறது.