கட்டிலோரக் கண்ணீர்க்காரர்

நோயை விட வேகமாகப் பரவும் ஓர் இனம் நம் கடற்கரை ஊர்களில் உண்டு. நோய் பார்க்க வருபவர்கள் என்று பெயர். அவர்களிலும் உச்சமான ரகம், கட்டிலோரக் கண்ணீர்க்காரர். ஆஸ்பத்திரிக் கதவு திறக்குமுன்பே வாசலில் நிற்பார்; ஒரு கையில் தோடம்பழப் பை, மறு கையில் மடித்த கைக்குட்டை, நெஞ்சுக்குள் தயாராக ஒரு விம்மல். தோடம்பழம் நோயாளிக்கு. கைக்குட்டை தனக்கு. விம்மல் அந்த வாட்டில் படுத்திருக்கும் அத்தனை நோயாளிகளுக்கும்.

புத்தளத்து உப்பு வியாபாரி ஸலாஹுதீனை எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், நிறையவே இருக்கிறார். அன்று காலை அவர் பார்க்க வந்தது தங்கையின் கணவன் ஜவ்பரை. கண்டக்குழி மீனவன். குடலிறக்கம் வந்து, தோணி தள்ள முடியாமல் ஒரு பருவம் முழுவதும் கரையில் கிடந்தவனுக்கு அன்றுதான் ஒப்பரேஷன். நடந்தால் வரும் பருவத்தில் கடலுக்குப் போகலாம். தள்ளிப்போனால் அந்தப் பருவமும் போச்சு.

சின்ன ஒப்பரேஷன்தான். ஆனால் ஸலாஹுதீனுக்குச் சின்னதாக எதையும் அழத் தெரியாது. கதிரையை இழுத்தார். உட்கார்ந்து மச்சானின் கையைப் பிடித்தார். பிடித்த கையாலேயே தன் கண்ணைத் துடைத்தார்.

"புள்ளையளப் பத்தி யோசிக்காதீங்க மச்சான். நான் இரிக்கேன்."

"அதுகளுக்கு என்ன? பின்னேரம் நான் கண் முழிச்சிருவேன் எண்டு டொக்டர் சொன்னாரே!"

"என்ட கூட்டாளி ஃபாஹிமுக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க."

"ஃபாஹிமுக்கு என்ன ஆச்சு?"

ஸலாஹுதீன் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஃபாஹிம் சுகமாகிக் கல்பிட்டியில் கடை நடத்துகிறான். அதைச் சொன்னால் காட்சி கெட்டுவிடாதா?

அந்நேரம் பிரஷர் பார்க்க வந்தாள் நேர்ஸ் நஸ்ஹா, கரைத்தீவுப் பிள்ளை. விடியற்காலையில் ஒழுங்காக இருந்த பிரஷர் இப்போது தென்னைமரம் ஏறியிருந்தது.

"இது இறங்காட்டி இண்டைக்கு ஒப்பரேஷன் செய்ய மாட்டாங்க," என்றாள். ஜவ்பரின் முகம் கருவாடாகிப் போனது.

ஸலாஹுதீனுக்கு நேர்ஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும்? வெள்ளையுடையில் மிதந்து வரவேண்டும். நெற்றியில் ஈரத்துணி போடவேண்டும். அவர் அழும்போது கூடவே ஒரு துளி விடவேண்டும். இவளோ மெஷினைப் பார்க்கிறாள்.

"அந்தக் காலத்து நேர்ஸ்மார் தலையத் தடவினாலே பிரஷர் இறங்கும், தங்கச்சி. இப்ப நாலு வருஷம் கம்பஸுக்குப் போறீங்க. தலையத் தடவ நாலு வருஷப் படிப்பா?"

"தலையத் தடவுறது முதல் வருஷத்தோட முடிஞ்சிரும் நானா. மிச்ச மூணு வருஷமும் உங்களப் போல ஆக்களச் சமாளிக்கத்தான்."

பக்கத்துக் கட்டில் சிரித்தது.

அப்போது ஸலாஹுதீனின் போன் அடித்தது. குடும்பத்துக்கு நிலைமையை விளக்க, அதாவது அவர்களையும் அழவைக்க, அவர் வெளியே போனார். எந்த மருந்து எவ்வளவு, எந்த இலக்கம் ஆபத்து, எப்போது டொக்டரை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவள் நஸ்ஹா. காலையிலிருந்து இந்தக் கட்டிலருகே புதிதாக வந்த பொருள் என்ன என்று யோசித்தாள். ஒரு பை தோடம்பழம். ஒரு ஸலாஹுதீன். சற்றுப் பொறுத்து அளந்தாள். இறங்கியிருந்தது. அவர் திரும்பி வந்து கதிரையை இழுத்தார். அளந்தாள். ஏறியது!

"நானா, நீங்க வெளிய போனா இறங்குது. உள்ள வந்தா ஏறுது."

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். ஸலாஹுதீனின் கண்களில் ஆனந்தக் கண்ணீர் பொங்கியது.

"பாத்தீங்களா மச்சான்! என்ட பாசம் மெஷின்லயே காட்டுது!"

"பாசத்த வெறும் வயித்துல குடுக்கக் கூடாது நானா. ஒப்பரேஷன் முடியுற வரைக்கும் வெளிய இருங்க."

எழுந்தவரின் கண்ணில் பக்கத்துக் கட்டில் பட்டது. அதில் கிடந்த முதியவர் லத்தீபுக்குப் பிரஷர் குறைந்துபோகும் நோய்.

"அப்ப இவருக்கு மருந்தா என்னையக் குடுங்களேன்!" என்று ஸலாஹுதீன் கதிரையை அந்தப் பக்கம் திருப்பினார்.

"வேணாம் மகள்!" லத்தீப் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தானா ஏறுது, அளந்து பாருங்க!"

அளந்தாள். உண்மையாகவே ஏறியிருந்தது. ஜவ்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தொடாமலே வேலை செய்யும் மருந்தின் மிடுக்கோடு ஸலாஹுதீன் வராந்தாவுக்குப் போனார்.

கொஞ்ச நேரம் அமைதியாகப் படுக்கவைத்து அளந்தபோது, ஜவ்பரின் பிரஷர் தரையிறங்கியிருந்தது. டொக்டர் சரி என்றார். ஜவ்பரை ஏற்றிய தள்ளுவண்டி வராந்தாவைக் கடக்கையில் ஸலாஹுதீனின் பக்கமாக, ஒரு மதிலைப் போல, நஸ்ஹா நடந்தாள்.

"மச்சான், கலிமாவ மறந்திராதீங்க!" என்று, மரணப் படுக்கையில் ஓதும் கலிமாவை நினைவூட்டி அவர் கதறுவதற்கும் ஒப்பரேஷன் தியேட்டர்க் கதவு மூடுவதற்கும் சரியாக இருந்தது. பருவம் பிழைத்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர், தெரியும். நீங்கள் போனால் நோயாளிக்கு ஆறுதல்தான். ஆனாலும் அடுத்த முறை வாட்டு வாசலில் ஒரு கணம் நின்று பாருங்கள். அதுவரை தலையணையில் சாய்ந்து கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவர், உங்களைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக் குறட்டை விடத் தொடங்கினால், மருந்து மயக்கம் என்று நினைத்து அழத் தொடங்கிவிடாதீர்கள்.