சந்தனம் வைத்த கண்ணாடி

தப்பு செய்தது நான். பழி போட்டது அக்கா மேல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம். காஜா பேராங்கில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், படக்கடையில் எனக்கு வேலை. தவுக்கே சிங்கப்பூர் போயிருந்த சமயம் ஆயுத பூஜை வந்தது. பெரிய கேமராவைத் துடைத்தேன். அதன் முதுகில் இருக்கும் கண்ணாடியையும் கழற்றிக் கழுவினேன். அதில் உருவம் தலைகீழாக விழும். அதைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைப்போம். ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. வழவழப்பில் சந்தனம் நிற்கவில்லை. சொரசொரப்பை வெளியே திருப்பி மாட்டிப் பொட்டு வைத்தேன். (சாமி காரியம். யாரைக் கேட்பது?)

மறுநாள் பொட்டைத் துடைத்துவிட்டு அக்காவைப் படம் எடுத்தேன். சிகாமட் ஊர் மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட. சனிக்கிழமை பஸ்ஸில் மாமா கொண்டுபோக வேண்டும்.

படத்தைக் கழுவிப் பார்த்தேன். பின்திரையில் தீட்டிய மயில் இறகு இறகாகத் தெரிந்தது. அக்கா புகையாக இருந்தாள்.

"அசைஞ்சிட்டக்கா."

"நான் அசையலடா."

"மயிலு அசையலயே!"

மறுபடி உட்கார வைத்தேன். மூச்சை அடக்கச் சொன்னேன். முதுகில் பலகை கட்டினேன். மயில் அருமை. அக்கா புகை.

மாமா கத்தினார். "தம்பின் ஊர்ல அவங்க வேற பொண்ணு பாத்து வச்சிருக்காங்கடா. படம் இல்லாம நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போறது?"

அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சரி, நான் அசைஞ்சேன். நாற்காலியுமாடா அசைஞ்சிச்சு?"

நாற்காலிக் கையும் புகை.

ஐந்து பால் டின்னை அடிக்கு ஒன்றாக, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். மூன்றாவதில் ஃபோகஸ். படத்தில் நாலாவது தெளிவு. நான் பார்த்த இடத்தைக் கேமரா பார்க்கவில்லை. நான் கைவைத்தது கண்ணாடியில் மட்டும். அதன் வெளிப்பக்கத்தை நகத்தால் கீறினேன். சொரசொரப்பு. நகத்தில் மஞ்சளாகச் சந்தனம்.

அந்தப் பக்கம் உள்ளே, லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். கண்ணாடியின் தடிமன் அளவு பிசகியதில் ஃபோகஸ் அக்காவைத் தாண்டி மயிலிடம் போய்விட்டது. திருப்பி மாட்டினேன்.

சனிக்கிழமை காலை மூன்றாவது படம். தலையில் இருந்த மல்லிகையை எண்ணலாம். காதோரத்து மச்சம்கூடத் தெரிந்தது. ஈரம் காயுமுன் மாமா பஸ் ஏறினார். அடுத்த வாரமே சிகாமட்டில் சரி என்றார்கள். தவுக்கே வந்து பார்த்து, இன்னொரு பிரதியைக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். (சந்தனக் கதையை அவரிடம் நான் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன்.)

இன்றும் ஆயுத பூஜைக்கு வீட்டில் என் கையில் சந்தனக் கிண்ணம் தர மாட்டார்கள். போன வாரம் அத்தான் சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தார். பஸ் கெட்டுப்போனது என்றார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாற்காலியும் அசைஞ்சிச்சா?"