நிச்சயதார்த்தத்துக்கு எள்ளுருண்டை

கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே எனக்குத் திவசச் சாப்பாடும் போட்டுவிட்டார்கள். அதற்கு ஏற்பாடு செய்தது பகையாளி இல்லை, நான்தான். பதினோரு வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "அந்தக் கதையைச் சொல்லேன்" என்கிறார். இனி வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுதி வைத்துவிட்டால் கேட்பவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிடலாம்.

அப்போது நான் மணி அத்திம்பேரின் கேட்டரிங் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆள். (அத்திம்பேர் என்றால் அக்காவின் கணவர். அக்கா கணவரிடம் சம்பளம் வாங்குவது பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். அக்கா படித்துவிடுவாள் என்பதால் எழுதவில்லை.) அவருக்குக் கல்பாத்தியில் ஆபீஸ், அடிமாலியில் கோடவுன், மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் ஒரு சமையல்கூடம். கல்பாத்தியில் அவர் போடும் சமையல் பட்டியல் மூன்று இடத்திலும் தெரிய வேண்டும். மலைக்கு நேராக லைன் நிற்காது. அதனால் கல்பாத்தி மெஷின் அடிமாலிக்குச் சொல்லும், அடிமாலி பள்ளிவாசலுக்குச் சொல்லும். ஒன்றின் நகல் இன்னொன்றில், அதன் நகல் மூன்றாவதில். இதைச் சங்கிலி மாதிரி கோத்து வைத்தவன் நான். அந்தப் பெருமையில் ஆறு மாதம் நிமிர்ந்து நடந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அத்திம்பேர் அயிட்டங்களை அடிக்கும்போது அவை முதலில் மெஷினுக்குள் ஒரு தற்காலிக டேபிளில், அதாவது அட்டவணையில்தான் சேரும். காய் நறுக்கிப் போடும் வாழையிலை மாதிரி, வேலை முடிந்ததும் அது போய்விடும். கடைசியில் அவர் 'ஓகே' தட்டினால்தான் அதில் உள்ளதெல்லாம் நிரந்தரப் பட்டியலின் மேல் ஏறி, பழையதை அழித்து எழுதும். அவர் பாதி அடித்து வைத்திருக்கும்போது நடு மெஷினை, அதாவது அடிமாலியை, அணைத்தால், நடு மெஷினில் இருக்கும் தற்காலிக டேபிள் காணாமல் போகும். எனவே அணைப்பதற்கு முன்னால், ஏதாவது தற்காலிக டேபிள் திறந்திருக்கிறதா என்று ஒரு வரி அடித்துப் பார்க்க வேண்டும். பூஜ்யம் என்று வந்தால் அணைக்கலாம். இது எனக்கு இப்போது தூக்கத்தில்கூடத் தெரியும்.

பெண் வைதேகி. அவள் அப்பா பள்ளிவாசல் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் இருந்தார். நிச்சயதார்த்தம் அவர்கள் ஊரில், சாப்பாடு அத்திம்பேர் கம்பெனி. முதல் நாளே நானும் அப்பா அம்மாவும் பஸ்ஸில் கிளம்பினோம். நேரியமங்கலம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அடிமாலியில் இறங்கி அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, "இதோ வரேன்" என்று கோடவுனுக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. நாளைக்கு மாப்பிள்ளை ஆகப் போகிறவன் சும்மா இருக்கலாமா என்ற எண்ணம்தான்.

மெஷின் மெதுவாக ஓடியது. ரீஸ்டார்ட் செய்தேன்.

மணி மூன்று. அதே நேரம் கல்பாத்தியில் அத்திம்பேர் என் நிச்சயதார்த்தப் பட்டியலை முழுக்க அடித்துவிட்டு, ஓகே தட்டாமல், "ஒரு ஒறக்கம் போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போயிருந்தார். மூன்றரைக்கு எழுந்து தட்டினார். அடிமாலி திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. அப்படி ஒரு டேபிளே இல்லையாம். நகல் எடுப்பது அதோடு நின்றுவிட்டது.

புத்தியுள்ளவன் அந்த வரியைப் படித்திருப்பான். வெளியே பள்ளிவாசல் போகும் அடுத்த பஸ் ஹாரன் அடித்தது, அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான், 'இந்த ஒரு வரியைத் தாண்டிப் போ' என்று மெஷினுக்குக் கட்டளை கொடுத்தேன். தாண்டிப் போயிற்று. எல்லாம் பச்சை. அடிமாலி மெஷின், தான் செய்ததை மட்டும்தான் மேலே சொல்லும், தாண்டியதைச் சொல்லாது. அதனால் பள்ளிவாசல் மெஷினுக்கு எதுவுமே தெரியாது, பாவம். பஸ்ஸில் ஏறியதும் வைதேகிக்குப் போன் போட்டு, "அடிமாலி சர்வர் படுத்துடுத்து. ரெண்டே நிமிஷத்துல எழுப்பி விட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொண்டாள்.)

சாயங்காலம் லாட்ஜில் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாரியப்பன் அண்ணன் கூப்பிட்டார். பள்ளிவாசல் சமையல்கூடத்தின் தலைமைச் சமையல்காரர், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"சார், நாளைக்கு ஒங்க நிச்சயம்தான?"

"ஆமாண்ணே."

"தலைப்புல நிச்சயதார்த்தம், நூத்திருபது எலைன்னுதான் இருக்கு. கீழ பாத்தா பாவக்கா, வாழைக்கா, பெரண்டைத் தொவையல், எள்ளுருண்டைன்னு வருது. மொளகா வத்தல் ஒண்ணுகூட இல்ல, பூரா மொளகுதான். ஒங்க ஆளுகள்ல இப்படித்தான் வைப்பாங்களா? எனக்கு என்னமோ சரியாப் படல."

முந்தின செவ்வாய்க்கிழமை யாருடைய வீட்டிலோ நடந்த திவசத்தின் பட்டியல் அது. தலைப்பும் இலைக்கணக்கும் தற்காலிக டேபிள் வழியாகப் போவதில்லை, அதனால் அவை மட்டும் புதிதாக வந்திருக்கின்றன. அவர் சொன்ன எதையும் நான் காதில் வாங்கவில்லை. 'சரியாப் படல' என்றது மட்டும்தான் கேட்டது. என் சிஸ்டத்தில் குறையா?

"அண்ணே, சுவத்துல என்ன ஒட்டியிருக்கேன்?"

"திரையில் உள்ளதை மட்டும் செய்யவும். சொந்த யோசனை வேண்டாம்னு இருக்கு. கீழ ஒங்க கையெழுத்து."

"அப்பறம் என்ன? அப்படியே பண்ணுங்கோ."

"பெரண்டைக்கு ஆள் அனுப்பணும் சார்."

"அனுப்புங்கோ!" என்றேன். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் லக்னப் பத்திரிகை வாசித்து, தட்டு மாற்றி, எல்லாம் நன்றாகவே நடந்தது. அத்திம்பேரும் அக்காவும் விடியலில் காரில் கிளம்பி, முகூர்த்தத்துக்குச் சரியாக வந்து இறங்கியதால் சமையல்கட்டுப் பக்கம் அவர் போகவில்லை. முதல் பந்தியில் நான், எதிரில் வைதேகி, அவள் பக்கத்தில் அவளுடைய அத்தை. இலையில் பாகற்காய் விழுந்தபோது அப்பா என்னைப் பார்த்தார். பிரண்டைத் துவையல் விழுந்தபோது அம்மா அப்பாவைப் பார்த்தாள். எள்ளுருண்டை வந்தது, ஆளுக்கு இரண்டு.

அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு இங்கே யாருக்காக்கும் திவசம்?"

வெளியே மூடுபனியில் ஜீப் ஒன்று போனது மட்டும் கேட்டது. "அபசகுனம். இது வேண்டாம், கேட்டேளா? தட்டைத் திருப்பிக் குடுத்துடலாம்" என்று அத்தை வைதேகியின் அப்பாவிடம் சொன்னாள். அவர் தட்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அத்திம்பேர் உள்ளே பாய்ந்து மாரியப்பன் அண்ணனை இழுக்காத குறையாக அழைத்து வந்தார். "நான் அனுப்பின லிஸ்ட் என்ன, நீ பண்ணி வெச்சிருக்கறது என்ன? நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்!"

மாரியப்பன் அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போன் போட்டுக் கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே, சபையில் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. பத்து நொடி இருக்கும், எள்ளுருண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரே சிரிக்கிற இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராத இடம் அந்தப் பத்து நொடிதான்.

வைதேகி கேட்டாள். "நேத்திக்கு அடிமாலியில எதையோ எழுப்பி விட்டேன்னு சொன்னேளே. அதுக்கு முன்னாடி அது எதுக்காகப் படுத்துண்டுது?"

அதுவரைக்குமான என் முப்பது வருஷ வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமான கேள்வியை எந்த எஞ்சினியரும் கேட்டதில்லை.

"நான்தான் அணைச்சேன்" என்றேன். "அத்திம்பேர் பாதியில விட்டுட்டுப் போயிருக்காரான்னு பாக்காம அணைச்சேன். தப்புன்னு திரையில வந்தது, தாண்டிப் போகச் சொன்னேன். மாரியப்பண்ணன் போன் பண்ணிக் கேட்டார், அவரையும் அதட்டினேன். அவர் மேல ஒரு தப்பும் இல்லை."

"ஒறங்கப் போனது என் தப்போ?" என்றார் அத்திம்பேர்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனோடயா குடித்தனம் பண்ணப் போறே?" என்றாள் வைதேகியிடம்.

"சபையில ஒத்துண்டாரே அத்தை" என்றாள் அவள். "எனக்குப் பசிக்கறது." ஒரு எள்ளுருண்டையை எடுத்துக் கடித்தாள். மென்றாள். "நன்னாத்தான் இருக்கு." அவள் அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, தன் இலையிலிருந்தும் ஒன்றை எடுத்தார். பிறகு ஹால் முழுக்கச் சாப்பிடும் சத்தம் கேட்டது. அத்தை மட்டும் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சமையல்கூடத்துச் சுவரில் இருந்த என் காகிதத்தை அன்றைக்கே கிழித்தேன். அதே இடத்தில் அண்ணன் தன் கையால் எழுதி ஒட்டினார்: 'சரியாப் படலைன்னா கேட்கவும். கேட்டா பதில் சொல்லவும்.' இன்னும் இருக்கிறது. வீட்டில் நான் மிக்ஸியையோ மோட்டாரையோ அணைக்கக் கையை நீட்டினால், "யாராவது பாதியில இருக்காளான்னு பாத்தேளா?" என்கிறாள் வைதேகி. எட்டு வயதுப் பெண்ணும் இப்போது அதையே கேட்கிறாள். அலுத்துக்கொண்டுதான் பார்க்கிறேன், ஆனால் பார்க்கிறேன்.

மாரியப்பன் அண்ணன் எங்கள் கல்யாண நாளுக்கு முதல் நாள், வருஷம் தவறாமல், போன் செய்கிறார்.

"சார், திரையில எள்ளுருண்டைன்னு வருது. செய்யட்டுமா?"

முதல் வருஷமே நான் போய்ப் பார்த்துவிட்டேன், திரையில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் போனைக் காதில் வைத்தபடி வைதேகியைத் திரும்பிப் பார்க்கிறேன். அவள் தலையாட்டிய பிறகுதான் பதில் சொல்கிறேன்.

"பண்ணுங்கோண்ணே. கேட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."