அப்பாவின் தூண்டிலும் என் ரிவிஷன் ஏழும்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். அந்த ஆதாரம் 'அப்பா மீன்பிடி – ரிவிஷன் 7' என்ற பெயரில் என் லேப்டாப்பில் இன்னும் இருக்கிறது. அழிக்கப் போனால் என் மனைவி சுதா விடமாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்தால் காட்டுவதற்கு வேண்டுமாம்.

கத்தாரில், ராஸ் லஃபானில், நான் ப்ளானிங் இன்ஜினீயர். இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக: மற்றவர்கள் வேலை செய்வார்கள். அதை அவர்கள் எந்தத் தேதியில் செய்வார்கள் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவது என் வேலை. அவர்கள் அந்தத் தேதியில் செய்யமாட்டார்கள். நான் கட்டத்தை நகர்த்தி, அடுத்த ரிவிஷன் என்று நம்பர் போட்டு வைப்பேன். பதினொரு வருடமாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன். (சம்பளமும் தருகிறார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.)

அப்பா திருச்சியில் மின்வாரிய லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறிய நேரம் போக மிச்ச நேரத்தை உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் தூண்டிலோடு கழித்தவர். வாய்க்காலில் கிடைப்பதெல்லாம் விரல் நீளம். அவருக்கு வெகுநாளாக ஒரே ஆசை. கடலில், படகில் உட்கார்ந்து, கனமாக ஒரு மீனைத் தன் கையால் இழுக்க வேண்டும். அறுபத்தொன்பது வயதில் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் போனில் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம் போனா படகுல கால் தூக்கி வைக்க முடியாதுடா. அதுக்குள்ள ஒரு தடவை."

வேறு மகனாக இருந்தால் டிக்கெட் போட்டு, வந்த மறுநாள் படகில் ஏற்றியிருப்பான். நான் ப்ளான் போட்டேன்.

ஆகஸ்ட் வேண்டாம், வெயில் ஆளைச் சுட்டுவிடும். டிசம்பர் வேண்டாம், காற்று. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை ஒரு மாத விசிட் விசா என்று முடிவு செய்தேன். ஓதம் எப்போது ஏறும், எப்போது இறங்கும், காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாவற்றையும் திரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு வரிசைகள். கடலோரக் காவலில் காட்ட அப்பாவின் பாஸ்போர்ட் நகல் மூன்று என்பது ஒரு வரிசை. அப்பாவுக்கு வாந்தி மாத்திரை ஒரு வரிசை. பயணக் களைப்பு தீர மூன்று நாள் ஓய்வு, அது ஒரு தனி வரிசை, பச்சை நிறத்தில்.

தேதியைச் சொன்னதும் போனில் அப்பா, "அந்த மாசமா? அது வந்து, அப்ப..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, அந்த மாசம்தான் சரி. நீங்க எதையும் யோசிக்காதீங்க. எல்லாம் ப்ளான்ல இருக்கு."

வந்து இறங்கினார். முதல் மூன்று நாளும் ஓய்வெடுத்தார். எடுக்க வைத்தேன் என்பதுதான் சரி. இரண்டாம் நாளே, "எனக்கு ஒரு களைப்பும் இல்லடா. நாளைக்கே போயிட்டு வந்துடலாமே. அதுக்கப்புறம் வந்து..." என்றார்.

"ப்ளான்ல இருக்குப்பா" என்று பச்சைக் கட்டத்தைக் காட்டினேன்.

நான்காம் நாளிலிருந்து அப்பா சாம்பார் சாதமும் தயிர் சாதமும் மட்டும் சாப்பிட்டார். நான் மூன்று வேளையும் சைட் மெஸ்ஸில் கோழியை மென்றுகொண்டிருந்த ஆள். ஒரு ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவர் தட்டைக் கவனித்தேன். வயிறு சரியில்லை என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். ரிவிஷன் ஆறில் 'அபாயங்கள்' என்ற தலைப்பின் கீழ் 'அப்பாவின் வயிறு' சேர்ந்தது. அதற்கு எதிரில், 'உப்புச் சர்க்கரைக் கரைசல், பத்து பாக்கெட்'.

"என்னங்க, மாமா வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு நெஜமாவே தெரியலையா?" என்றாள் சுதா.

"வயசானவங்க வெளிய சொல்லமாட்டாங்க சுதா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அந்தப் பார்வைக்கு நான் வரிசை போடவில்லை.

மூன்றாவது தடவை அப்பா வாயைத் திறந்தது கிளம்புவதற்கு முதல் நாள். அப்போது நான் ரிவிஷன் ஏழைப் பிரிண்ட் எடுத்து, படகில் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தேன். "டேய், நாளைக்குச் சனிக்கிழமை..." என்றார்.

"ஆமாப்பா. வெள்ளிக்கிழமை படகை அதோட முதலாளி, அந்தக் கஃபீல் குடும்பம் எடுத்துக்கும். சனிதான் காலி. அதையும் பார்த்துட்டுதான் போட்டிருக்கேன்."

அப்பா உறையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

படகோட்டி முனியசாமி அண்ணன், ராமநாதபுரத்துக்காரர். இந்தக் கடலில் இருபது வருடமாகக் கத்தாரி முதலாளி ஒருவருடைய படகை ஓட்டுகிறவர். காலை ஆறு மணிக்கு அல் கோர் துறையில் எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி வந்தவர், அப்பாவின் நெற்றியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குளித்து, பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு வந்திருந்தார் அப்பா. (காரில் நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கண் முழுக்க ஜிபிஎஸ்ஸில்.)

"சார், அய்யா நாமம் போட்டுருக்காகளே" என்றார்.

"சாமி கும்பிட்டுட்டு வந்திருக்கார்ண்ணே."

"அதுக்கில்ல சார். இன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையில்ல. அய்யா தூண்டி போடுவாகளா?"

ஏழு ரிவிஷனையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஓதம் இருந்தது. காற்று இருந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் இருந்தது. ஆண்டாண்டு காலமாக எங்கள் வீட்டில் சட்டியைக் கவிழ்த்து வைத்து, பெருமாளுக்காகக் கவிச்சியே தொடாமல் இருக்கும் புரட்டாசி மாதம் மட்டும் எந்த வரிசையிலும் இல்லை. ஒரு வருடத்தின் பன்னிரண்டு மாதங்களிலிருந்து, மீனைத் தொடக்கூடாத ஒரே மாதத்தை, ஆராய்ச்சி செய்து தேர்ந்தெடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் அப்பாவுக்கு இங்கே கிடைத்தது மூன்றே நாள். அந்த மூன்று நாளும் அவரைச் சோபாவில் உட்கார வைத்து ஓய்வு கொடுத்தேன். விசா முடிவது புரட்டாசி முடிய நான்கு நாள் இருக்கும்போது.

"சொல்லியிருக்கலாமில்லப்பா."

"மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் ப்ளான்ல இருக்குன்ன."

"அப்புறம் எதுக்குக் கிளம்பி வந்தீங்க?"

"பிளாஸ்டிக் உறையெல்லாம் போட்டுவெச்சிருந்தியே. புள்ள ஆசைப்படுறான், கெடுப்பானேன்னு வந்தேன்."

திரும்பிப் போயிருக்கலாம். புத்திசாலி திரும்பியிருப்பான். நான், "வந்ததுக்குக் கடலையாவது பார்த்துட்டுப் போலாம்ப்பா" என்றேன். அப்பா முனியசாமி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் காலைத் தூக்கி, படகில் ஏறினார்.

முக்கால் மணி நேரம் வடக்கே போய் நங்கூரம் போட்டதும் படகு ஆட ஆரம்பித்தது. முன்னும் பின்னும் ஆடினால் பரவாயில்லை. அது உலக்கையும் உரலும்போல மேலும் கீழும் குத்தியது. என் அபாயப் பட்டியலில் அப்பா இருந்தார். நான் இல்லை. மாத்திரையை அப்பா வீட்டிலேயே சமர்த்தாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். (ப்ளானில் இருந்ததாம்.) நான் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முந்தின நாள் மெஸ்ஸில் சாப்பிட்ட கோழி பிரியாணியை பாரசீக வளைகுடாவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். புரட்டாசி மாதத்தில் கோழி தின்றது அப்பாவுக்குத் தெரிந்த விதம் இதுதான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நானே மறைத்திருப்பேன். நான் கொடுத்ததைச் சாப்பிட மீன் வந்தது. முதலில் பொடி மீன்கள். அவற்றைத் தின்ன, கீழேயிருந்து பெரியவை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். புள்ளி போட்ட ஹமூர் மீன் ஒன்று, நம் ஊர்க் களவா, அப்பாவின் தொடை கனம் இருக்கும், படகுக்கு அடியில் சாவகாசமாகச் சுற்றியது.

"அய்யா, இருவது வருசத்துல இம்புட்டுப் பக்கத்துல களவா வந்து நான் பாத்ததில்ல" என்றார் முனியசாமி அண்ணன். "தூண்டியே வேணாம். கையாலயே அள்ளலாம் போல."

அப்பா எட்டிப் பார்த்தார். வலது கை, தானாகவே, தூண்டில் நூலைச் சுண்டுகிற மாதிரி இரண்டு விரலை அசைத்தது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, "கோவிந்தா" என்றார். நான் மறுபடியும் குனிந்தேன். இன்னும் நாலு ஹமூர் வந்தது.

கரைக்குத் திரும்பும்போது என் தலை அப்பாவின் மடியில் இருந்தது. முனியசாமி அண்ணன் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு பாக்கெட்டாகக் கலக்கிக் கொடுத்தார். பத்தில் ஆறு செலவானது. ரிவிஷன் ஏழில் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே வரிசை அது.

ஊருக்குப் போன அப்பா, அடுத்து லீவு முடிந்து வந்த ஆளிடம் ஒரு தினசரிக் காலண்டர் கொடுத்தனுப்பினார். வருடா வருடம் வருகிறது. அமாவாசை, கிருத்திகை, கரிநாள் எல்லாம் போட்டது. அதை என் ஆபீஸ் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். சுதா, கடைக்குப் போக நான் லிஸ்ட் எழுதினால்கூட, "எத்தனையாவது ரிவிஷன்?" என்று கேட்கிறாள். திருச்சியில் சொந்தக்காரர் கல்யாணங்களில் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது ஹமூர் இப்போது ஆள் உயரம் வந்துவிட்டது. கடைசியில் மட்டும் அவர் சிரிப்பதில்லை, விரல் இரண்டும் அசைகிறதாம். அத்தை சொன்னாள்.

அதனால் போன வாரம் அவரைக் கூப்பிட்டேன். முழங்கால் இப்போது மாடிப்படியிலேயே தகராறு செய்கிறது, இனித் தள்ளிப் போட முடியாது. காலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு, "அப்பா, ஐப்பசி பிறந்ததும் வந்துடுங்க. முனியசாமி அண்ணன்கிட்ட பேசிட்டேன். இந்தத் தடவை பக்காவா ப்ளான் பண்ணியிருக்கேன்" என்றேன்.

அப்பா சொன்னார்:

"ப்ளான் பண்ணலைன்னா சொல்லு, வர்றேன்."