விமலேஸ்வரியின் அடுப்பும் காபன் அறிக்கையும்

முள்ளியவளை,
2004 ஓகஸ்ட், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் சின்னராசா அவர்களுக்கு,

காட்டு விநாயகர் துணையால் இங்கே ஆடும் மாடும் நலம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. கனகராயன்குளத்தில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கண் ஒப்பரேசன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு இருக்கிறீர்கள் என்று அறிந்தேன். ஆகவே இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை விமலேஸ்வரிதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவா. வாசிக்கட்டும். அவா என்னோடு கதைத்து மூன்று கிழமையாகிறது. என் எழுத்தையாவது தன் வாயால் சொல்லட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அவாவை உடனே பஸ் ஏற்றி அனுப்பி வையுங்கோ.

அவா உங்களிடம் என்ன சொன்னாவோ தெரியாது. நடந்தது இதுதான். சண்டை நின்ற பிறகு எங்கள் ஊருக்கு வந்த நிறுவனங்களில் ஒன்று, விறகை மிச்சப்படுத்திக் காட்டையும் உலகத்தையும் காப்பாற்றப் போவதாகச் சொல்லி வீட்டுக்கு வீடு புகை குறைந்த மண் அடுப்புக் கொடுத்தது. நான் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அல்லவா, முதல் அடுப்பை என் குசினியில்தான் வைத்தார்கள். எங்கள் புட்டுப் பானை அதில் இருக்காது என்பதைத் தவிர அடுப்பில் ஒரு குறையும் இல்லை. வினை, அவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில்தான் வந்தது. நிறுவனத்தின் கணக்கெடுப்பு உத்தியோகத்தர் பரமேஸ்வரன் தராசும் கையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, "ஐயா, முந்தி எவ்வளவு எரிச்சனீங்கள் எண்டு தெரிஞ்சால்தானே இப்ப எவ்வளவு மிச்சம் எண்டு வெளிநாட்டுக்கு எழுதலாம்" என்றார். நியாயமான கேள்விதான். விமலேஸ்வரி வெளியே வந்து உள்ளதைச் சொன்னா: "காட்டுக்குள்ள போகப் பயந்த காலம் தொட்டு நான் தென்னம் பாளையும் தேங்காய்ச் சிரட்டையும் பொறுக்கித்தான் சமைக்கிறன். விறகு எண்டு வாங்கினது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான்." பரமேஸ்வரனின் முகம் வாடிவிட்டது. "அம்மா, அப்ப உங்கட வீட்டில மிச்சம் பிடிக்க ஒண்டுமே இல்லையே!" என்றார், ஏதோ இழவு கேட்டவர் மாதிரி.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஊருக்காகத்தான் திறந்தேன், மச்சான். அறிக்கை நன்றாக வந்தால் சங்க மண்டபத்துக்குச் சூரிய விளக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால், "அவா சும்மா சொல்லுறா, மாசம் ஒரு வண்டில் விறகு எரிப்பா" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அவா பார்த்த பார்வையில் அந்த வண்டில் அங்கேயே பற்றியிருக்கும். பரமேஸ்வரன் சந்தோஷமாக எழுதிக்கொண்டு, திட்டத்துக்கு முந்திய நிலையைக் காட்ட ஒரு படமும் வேண்டும் என்றார். நான் கெஞ்சிக் கூத்தாடி அவாவைப் பழைய அடுப்படியில் இருத்த, அவர் ஈர ஓலையைப் போட்டு நன்றாகப் புகைய விட்டுப் படமெடுத்தார். அவா கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுகிற அந்தப் படம் அறிக்கையில் அச்சாகி வந்தது. பெருமையோடு நானே அதைச் சங்க அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். ஒட்டின பிறகுதான் கீழே இருந்ததை வாசித்தேன்: "திட்டத்துக்கு முன்: விறகை விரயமாக்கும் குடும்பப் பெண்." அதற்கும் கீழே, அவா ஆண்டுதோறும் வெளியிட்ட காபனீரொட்சைட்டு வாயுவின் நிறை. அந்த நிறையைப் பார்க்கிறவர்கள் அவா சோறு சமைக்கவில்லை, செங்கல் சூளை நடத்துகிறா என்றுதான் நினைப்பார்கள்.

அடுத்த நாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு வீரகத்தியின் மனைவி, "என்னக்கா, உங்கட அடுப்பாலயாம் உலகம் சூடாகுது?" என்று கேட்டிருக்கிறா. விமலேஸ்வரி நேரே வீட்டுக்கு வந்தா. புட்டுப் பானையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தா. படலையில் நின்று, "நான் போறன். உலகம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டா.

மச்சான், நியாயத்தைக் கேளுங்கோ, அந்த அறிக்கையில் கோணலாக இருப்பது என் வீட்டுக் கணக்கு மட்டுமா? இதே வீரகத்தியின் புது அடுப்பில் கோழி அடை கிடக்கிறது. பரமேஸ்வரன் கோழி எழும்பிப் போன நேரம் பார்த்து அடுப்புக்குள் கை வைத்துவிட்டு, "அணைத்த பின்னும் நெடுநேரம் வெப்பம் தங்குகிறது" என்று எழுதிப் போனார். அதற்கு ஒருவரும் பஸ் ஏறவில்லை.

என் பாடு சொல்லி முடியாது. இருந்தால் மனம் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது. கதிரையிலிருந்து குசினிக்குப் போகிறேன், ஏன் வந்தேன் என்று தெரியாமல் படலைக்குப் போகிறேன். பஸ் சத்தம் கேட்டால் செருப்பும் போடாமல் ஓடுகிறேன், இறங்குவது வேறு யாரோ. மூன்று வேளையும் மீராசாகிபு நானாவின் தேத்தண்ணிக் கடையில்தான் சாப்பாடு. அவரும் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு எத்தனையோ வருஷம் கழித்து வந்தவர், பிரிவு தெரிந்த மனுசன். "கடைச் சோறு எத்தினை நாளைக்குத் தலைவர்? போய்க் காலில விழுந்தாவது கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார். நான் அங்கே வந்தால் நீங்கள் படலை திறப்பீர்கள், அவா திறக்க விடுவாவோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். நானாவின் கடையில் விடிந்தால் பொழுதுபட்டால் விறகு எரிகிறது, என் சோறும் அதில்தான் வேகிறது, இதை எங்கே எழுதுவீர்கள் என்று பரமேஸ்வரனைக் கேட்டேன். "அது திட்டத்துக்கு வெளியில ஐயா" என்றார்.

நேற்று வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போனேன். அவா பொறுக்கிய சிரட்டையெல்லாம் மழைக்கு நனையாமல் சாக்கால் மூடிக் கல் வைத்திருக்கிறா. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. இப்படிச் சிக்கனமான மனுசியை விரயக்காரி என்று ஊருக்கு முன்னால் ஒட்டிவைத்தேனே! அந்தப் படத்தை இன்று காலையில் பலகையிலிருந்து கிழித்து எடுத்துவிட்டேன். பரமேஸ்வரன் வந்தால் கணக்கைத் திருத்தச் சொல்வேன். விளக்கும் வேண்டாம், மண்டபம் இருளிலேயே கிடக்கட்டும். அவா வந்தால் போதும்.

கண்ணைக் கசக்காமல் கவனமாக இருங்கோ. மச்சாளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்க விநாயகர் அருள்வாராக.

இப்படிக்கு,
குசினி இருண்டுபோன உங்கள் மச்சான்,
கனகலிங்கம்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பரமேஸ்வரன் வந்துவிட்டார். மூன்று கிழமையாக என் வீட்டில் ஒரு குச்சியும் எரியவில்லை என்று கண்டு, விறகுச் சேமிப்பு நூறு வீதம் என்று எழுதிவிட்டார். திட்டத்திலேயே இப்படி ஒரு வீடு இல்லையாம். "என்ன செய்தனீங்கள் ஐயா?" என்று கேட்டார். மனுசி வீட்டில் இல்லை என்றேன். "அதை எழுத அறிக்கையில இடமில்லை" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர் நேரில் பார்க்க வருகிறார்களாம். மண்டபத்துக்கு மட்டுமல்ல, முதலாம் இடம் வந்த என் வீட்டுக்கும் சூரிய விளக்காம். ஆகவே மச்சான், மேலே எழுதியதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. வெள்ளி கழியும் மட்டும் அவாவை எப்படியாவது அங்கேயே மறித்து வையுங்கோ. கண் நோகிறது, துணைக்கு ஆள் வேண்டும் என்று ஏதாவது சொல்லுங்கோ. கிழித்த படத்தையும் திரும்ப ஒட்டிவிட்டேன், கிழிசல் அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம்: இந்தப் பின்குறிப்பு எந்தக் காரணம் கொண்டும் விமலேஸ்வரியின் கண்ணில் படக்கூடாது.