மான் மோந்த ஜக்கெற்

இனி ஞாயிற்றுக்கிழமையிலை சுவர் பூசிறதில்லை எண்டு முடிவெடுத்தன். மச்சான் வசீகரன் மொண்டெல்லோவிலை வீடு வாங்கின நாளிலையிருந்து என்ரை ஞாயிறெல்லாம் அவன்ரை சுவரிலைதான் காயுது. மனுசியின்ரை தம்பி. வாய் திறக்கேலாது.

வழி காட்டினது என்ரை இத்தாலிக்கார முதலாளி சால்வோ. ஸ்ஃபெர்ராகவால்லோவிலை அவரின்ரை சாப்பாட்டுக்கடையிலைதான் நான் கோப்பை கழுவுறன். லைசென்சோடை மலையிலை மான் சுடுற மனுசன். "வந்து பார். சரிவந்தால் ஒவ்வொரு ஞாயிறும் வேட்டைக்கு நீதான் என்ரை ஆள். ஆனால் உன்னிலை மணம் இருக்கக்கூடாது" எண்டார்.

வீட்டை வந்து மனுசி நாகபூசணிக்கு வகுப்பெடுத்தன்.

"மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர். சவுக்காரம் கூடாது, சென்ற் கூடாது. மணம் போக ஜக்கெற்றை நாலு நாள் வெளியிலை தொங்கவிடவேணும்."

"அப்ப தம்பியின்ரை சுவர்?"

"சுவர் ஓடாது. மான் ஓடும்."

சண்டைக்குத் தயாராய் நிண்டன். அவள் சிரிச்சாள்.

"ஓம், போட்டு வாங்கோ. ஜக்கெற்றைத் தாங்கோ, நானே பல்கனியிலை போடுறன்."

இவ்வளவு லேசாய் நான் ஒருநாளும் வெண்டதில்லை. ஒண்டும் விளங்கேல்லை. வெண்டவன் ஏன் எண்டு கேக்கக்கூடாது எண்டு ஜக்கெற்றைக் கழட்டிக் குடுத்தன்.

சனிக்கிழமை உள்ளி இல்லாமல் சாப்பிட்டன். வெறும் தண்ணியிலை முழுகினன். ஞாயிறு காலமை சால்வோவின்ரை பிக்கப்பிலை, பின்பெட்டிக்குள்ளை குந்திக்கொண்டு மலைக்குப் போனன்.

பத்தைக்குள்ளை பதுங்கினம். மான் வந்துது. காத்துத் திரும்பிச்சுது. மான் தலையைத் தூக்கி மோந்துது, பாஞ்சு ஓடிட்டுது. இடம் மாத்தினம். அங்கையும் அப்பிடித்தான். கமக்கட்டை மணந்து பாத்தன், ஒண்டுமில்லை. ஜக்கெற்றை மணந்தன், ஒண்டுமில்லை. எனக்கு மூக்கிலை பிழையோ, மானுக்கு மண்டையிலை பிழையோ எண்டு தெரியேல்லை.

சால்வோ கிட்ட வந்து மோந்தார்.

"நீ மானுக்கு வந்தியா, பூசைக்கு வந்தியா? சேர்ச் மாதிரி மணக்கிறாய். இனி வரவேண்டாம்."

மத்தியானம் வீட்டுக் கதவடியிலேயே கேட்டன்.

"இஞ்சேர், ஜக்கெற்றுக்கு என்ன செய்தனி?"

"ஒண்டுமில்லையப்பா. நுளம்புக்குப் பல்கனியிலை சாம்பிராணி போட்டனான். ஜக்கெற்றுக்குக் கீழைதான் இடம் இருந்துது."

"மார்கழிக் குளிரிலை என்ன நுளம்பு? எனக்கு ஏன் மணக்கேல்லை?"

"வருசம் முழுக்க இந்தப் புகைக்குள்ளைதானே இருக்கிறியள், உங்களுக்கு எப்பிடி மணக்கும்?"

கீழை கார் ஹோர்ன் அடிச்சுது. அவள் சுவர் பூசேக்கை நான் உடுக்கிற பழைய சாரத்தை நீட்டினாள்.

"கெதியாய் மாத்துங்கோ. தம்பியை மத்தியானம் வரச்சொல்லி நேற்றே சொல்லிப்போட்டன்."